கேமராவுக்கும் கணக்கு நோட்டு வேணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பொது வசதி மையத்தின் செயலாளர் பேசியது. பேச்சு நடையிலேயே எழுதித் தரப்பட்டுள்ளது.)



போன வருஷம் இதே மேடையில் புளி வியாபாரத்தைப் பற்றிப் பேசினேன். இந்த வருஷம் "கேமராவைப் பத்திப் பேசு" என்று தலைவி அக்கா சொன்னாங்க. முதலில் தயங்கினேன். ஏன்னா, அதைப் பேசணும்னா என் தப்பையும் சேர்த்துச் சொல்லணும். சம்பந்தப்பட்ட அக்காவின் வீட்டுக்குப் போய், "சொல்லலாமாக்கா?" என்று கேட்டேன். "பேர் மட்டும் வேண்டாம். மத்தபடி சொல்லு, நாலு பேருக்கு உதவட்டும்" என்றாங்க. அதனால் சொல்றேன்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நம்ம அம்மாக்களிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு பூட்டு, ஒரு நோட்டு. இன்றைக்கு நம்ம மையத்தில் கிடங்கு இருக்கு, எடை மெஷின் இருக்கு, ராகி மாவு அரைக்கிற மில் இருக்கு, ரோட்டோரம் விற்பனைக் கடையும் இருக்கு. பொருள் கூடினால் காவலும் கூடத்தானே வேணும்? அதனால் 6 கேமரா மாட்டினோம். வாசலில் 1, எடை மேடையில் 1, கிடங்கு வாசலில் 1, பேக்கிங் கூடத்தில் 1, கடையில் 1, பின்பக்கம் 1.

மாட்டின தம்பி நல்லவர்தான். "அக்கா, இதில் ஏ.ஐ. இருக்கு. யார் வர்றாங்கன்னு முகத்தை வச்சே பேர் சொல்லும். ராத்திரி யாராவது கோட்டைத் தாண்டினா போனுக்குத் தகவல் வரும். எத்தனை பேர் கடைக்கு வந்தாங்கன்னு எண்ணும். முதல் மூணு மாசம் இலவசம்" என்றார். இலவசம் என்றதும் நாங்க எல்லாத்துக்கும் தலையாட்டினோம். அடையாள அட்டைக்கு எடுத்த பழைய போட்டோக்களைக் கொடுத்து, எல்லார் முகத்தையும் ஏற்றினோம். யாரிடமும் சம்மதம் கேட்கலை. அந்தக் கணக்கை எந்த மின்னஞ்சலில் தொடங்கினார், எந்தப் போன் நம்பரைக் கொடுத்தார் என்றும் நாங்க கேட்கலை. அவர் தன்னுடைய மின்னஞ்சலிலேயே தொடங்கியிருந்தார்.

முதல் மாதம் தினமும் ராத்திரி 30, 40 தடவை போன் அடிச்சுது. நாய் போனாலும் அடிக்கும். லென்ஸ் முன்னால் பூச்சி பறந்தாலும் அடிக்கும். சிலந்தி வலை காற்றில் ஆடினாலும் "ஆள் வந்திருக்கு" என்று சொல்லும். நாலு நாள் எழுந்து எழுந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் போனை சைலண்டில் போட்டுட்டுப் படுத்துட்டேன். காசு கொடுத்து வாங்கின காவல்காரனை நானே வாயைக் கட்டி வைத்த மாதிரி ஆச்சு.

பங்குனி மாதம், புளி சீசன் உச்சத்தில் இருக்கிற நேரம். மாதக் கடைசியில் இருப்பு எண்ணினோம். கொட்டை எடுத்த புளியில் 2 மூட்டை குறைந்தது. மூட்டைக்கு 50 கிலோ, ஆக 100 கிலோ. அன்றைய விலையில் 12,000 ரூபாய்க்கு மேல். நம்ம பெண்கள் ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்த கூலியும் அதில் அடக்கம். எனக்கு வயிறு கலங்கிப் போச்சு.

வாட்ஸ்அப்பில் வாராவாரம் அந்தக் கேமராவின் அறிக்கை வரும். நான் திறந்தே பார்த்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொன்றாகத் தேடினேன். 7-ஆம் தேதி, மாலை 6.50, கிடங்கு வாசல், வேலை நேரத்துக்குப் பிறகு நுழைந்தவர் என்று போட்டு, பக்கத்தில் ஒரு பேர் இருந்தது. நம்ம அக்கா பேர். முதல் நாளிலிருந்து நம்ம மையத்தில் வேலை செய்கிறவங்க.

மறுநாள் செயற்குழுவைக் கூட்டினோம். பத்துப் பேர் முன்னால் நான் கேட்டேன்: "அக்கா, நீங்கதானா?" அவங்க என்னைப் பார்த்தாங்க. "அன்னிக்கு அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேன்" என்று மட்டும் சொன்னாங்க. "மெஷின் பொய் சொல்லுமா?" என்று யாரோ முணுமுணுத்தாங்க. அவங்க எழுந்து போயிட்டாங்க. ஒன்பது நாள் வேலைக்கு வரலை.

சரி, படத்தையே பார்த்துடலாம் என்று ரெக்கார்டர் பெட்டியைத் திறந்தோம். 7-ஆம் தேதிப் பதிவு இல்லை. டிஸ்க் நிறைந்தால் பழையதை அழித்துத்தான் புதியது பதியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சரி, நிறுவனத்தின் சர்வரில் அந்தச் சின்ன வீடியோ துண்டு இருக்குமே என்று அறிக்கையில் இருந்த இணைப்பைத் தொட்டோம். "உங்கள் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும்" என்று வந்தது. இலவச மூணு மாசம் 20-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. புதுப்பிக்கலாம் என்றால் கணக்கு நம்ம பேரில் இல்லை. மாட்டின தம்பி வேலை மாறி வெளியூர் போயிட்டார், நம்பரும் மாறிடுச்சு. ஆக, படம் கையில் இல்லை, பேர் மட்டும் இருக்கு. சாட்சி இல்லாத தீர்ப்பு மாதிரி.

உண்மையைக் கண்டுபிடித்தது எது தெரியுமா? நம்ம எடைச் சீட்டுப் புத்தகம். நம்ம கணக்காளர் பொண்ணு ஒன்பதாம் நாள் உட்கார்ந்து கார்பன் காப்பியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். 7-ஆம் தேதிச் சீட்டு இரண்டு ஒட்டிக் கிடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஒரு வியாபாரி அவசரமாக வந்து 2 மூட்டை ஏற்றிப் போயிருக்கார். கிலோ 126 ரூபாய் கணக்கில் 12,600 ரூபாயை வங்கியில் போட்டிருக்கார். பாஸ்புத்தகத்தில் வரவு இருக்கு. அதை ரொக்கப் புத்தகத்தில் "முன்பணம்" என்று எழுதி, இருப்புப் பதிவேட்டில் கழிக்காமல் விட்டது நான். கிடங்கைத் திறந்து மூட்டையை எடுத்துக் கொடுத்தது பேக்கிங்கில் இருக்கிற இன்னொரு தங்கச்சி. புளித் தூசிக்காகத் தலையில் துண்டு கட்டியிருந்தாள், மங்கின வெளிச்சம். மெஷின் அவளை அக்கா என்று எழுதிடுச்சு. அந்தத் தங்கச்சியைத்தான் மெஷின் அப்படிக் காட்டியது என்று அவளுக்கே தெரியாது.

பிறகு அந்த அறிக்கையைத் திரும்பப் பார்த்தேன். பேருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 71 என்று ஓர் எண். விசாரித்ததில் விஷயம் புரிந்தது. மெஷின் "இவர்தான்" என்று சொல்வதில்லை. "நீங்க கொடுத்த போட்டோக்களில் இவரோடு இவ்வளவு ஒத்துப்போகுது" என்றுதான் சொல்லுது. எந்த எண்ணுக்கு மேல் போனால் பேரை எழுதணும் என்பதை அமைப்பில் வைக்கிறது மனுஷன். அதைக் குறைவாக வைத்தால் யார் பேரையாவது எழுதிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கிட்டேன். 2018-ல் அமெரிக்காவில் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்று இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிற மூன்று நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தாங்க. வெளிர் நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 100-க்கு 1 கூட இல்லை, 0.8 தான். கருத்த நிறப் பெண்களிடம் அதிகபட்சம் 34.7 வரை போனது. அதற்குப் பிறகு மென்பொருள்கள் முன்னேறியிருக்கு. ஆனாலும் இது யார் முகத்தில் அதிகம் தடுக்கி விழுந்தது என்று நாம் மறக்கக் கூடாது. நம்ம முகம் எப்படிப்பட்டதுன்னு நமக்கே தெரியுமே!

நான், தலைவி அக்கா, பொருளாளர் மூணு பேரும் அவங்க வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டேன். அவங்க சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கு: "மெஷின் சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்ல கண்ணு. நீ நம்பிக் கேட்டியே, அதுக்குத்தான்."

அதற்குப் பிறகு நாங்க கேமராவைக் கழற்றிப் போடலை. காவல் வேணும். ஆனால் நம்ம பஞ்ச சூத்திரம் இருக்கே, வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்தல், கணக்குப் பதிவு, அதில் ஐந்தாவதைக் கேமராவுக்கும் கொண்டு வந்தோம். எப்படின்னு சொல்றேன், வேணுங்கறவங்க எழுதிக்கோங்க.

முதலாவது, லைசென்ஸ் நோட்டு. ஒரு கேமராவுக்கு ஒரு பக்கம். கேமரா எண், இருக்கிற இடம், லைசென்ஸ் எண், யார் பேரில் இருக்கு, தொடங்கின தேதி, முடிகிற தேதி, கட்டணம், பில் எண். கடைசிக் கட்டம்தான் முக்கியம்: "முடிந்தால் எது நின்று போகும்?" சில அமைப்பில் லைசென்ஸ் முடிந்தால் ஏ.ஐ. மட்டும் நிற்கும், பதிவு ஓடும். சிலதில் பழைய பதிவைத் திறக்க முடியாது. சிலதில் புது அப்டேட் மட்டும் வராது. இதை வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டு, எழுத்தில் வாங்கணும். ஒரு தடவை கட்டினால் போதுமா, வருஷா வருஷமா? கேமராவுக்கு ஒன்றா, பெட்டிக்கு ஒன்றா? கேமரா பழுதாகி மாற்றினால் அதே லைசென்ஸ் புதுக் கேமராவுக்குப் போகுமா, திரும்ப வாங்கணுமா? ஏ.ஐ. வேலை கேமராவுக்குள்ளேயே நடக்குதா, பெட்டியிலா, நிறுவனத்தின் சர்வரிலா? நெட் போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத ஆளிடம் வாங்காதீங்க. முடிகிற தேதிக்கு 45 நாள் முன்னாலேயே கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போடுறோம்.

இரண்டாவது, கணக்கு கூட்டமைப்பின் பேரில் இருக்கணும். நம்ம வங்கிக் கணக்கில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் பணம் வருமா? வராது. கேமராவும் அப்படித்தான். கூட்டமைப்புக்கென்று ஒரு மின்னஞ்சல், கூட்டமைப்பின் போன் நம்பர். எல்லாம் மாற்றுகிற முழு அதிகாரப் பாஸ்வேர்டை இரண்டாகப் பிரித்து, பாதி ஒருத்தரிடம், பாதி இன்னொருத்தரிடம். மற்றவங்களுக்குப் பார்க்கிற அனுமதி மட்டும். பெட்டியோடு வருகிற பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றணும். ரிப்பேருக்கு வருகிறவருக்குத் தனி அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் மூடிடணும். பொறுப்பாளர் மாறும்போது சாவியோடு பாஸ்வேர்டையும் மாற்றணும்.

மூன்றாவது, எத்தனை நாள் பதிவு இருக்கு என்று கணக்குப் போடுங்க. எங்க கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் பதியுது. ஒரு நாளைக்கு ஒரு கேமராவுக்கு 21 ஜி.பி.க்கு மேல். 6 கேமராவுக்கு ஏறக்குறைய 130 ஜி.பி. எங்களிடம் இருந்தது 2 டி.பி. டிஸ்க். 15 நாளில் நிறைஞ்சிடும். நாங்களோ இருப்பு எண்ணுவது மாதம் ஒரு முறை! நாம் தேடிப் போகும்போது கேமரா பாதியை மறந்திருக்கும். இப்போ 4 டி.பி. போட்டிருக்கோம், 30 நாள் நிற்குது. இருப்பு எண்ணுவதையும் 10 நாளுக்கு ஒரு தடவை என்று மாற்றிட்டோம்.

நான்காவது, தேவையான ஏ.ஐ. மட்டும். முன்னால் 6 கேமராவுக்கும் வாங்கியிருந்தால் கேமராவுக்கு மாதம் 300 வீதம் வருஷத்துக்கு 21,600 ரூபாய் கட்டியிருக்கணும். இப்போ 2-க்கு மட்டும், 7,200 ரூபாய். மிச்சம் 14,400. அதில்தான் அந்தப் பெரிய டிஸ்க் வாங்கினோம். பின்பக்கக் கேமராவில், இரவு 9 முதல் காலை 5 வரை ஆளோ வண்டியோ கோட்டைத் தாண்டினால் மட்டும் அலாரம். நாய், பூனையை விட்டுடச் சொல்லி வைத்திருக்கோம். வெள்ளிக்கிழமை தோறும் லென்ஸைத் துடைத்து, சிலந்தி வலை எடுக்கிறோம். இப்போ வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் அடிக்குது, அடிச்சால் எழுந்து பார்க்கிறோம். கடைக் கேமராவில் ஆள் எண்ணிக்கை. சாயங்காலம் 5 முதல் 7 வரைதான் கூட்டம் என்று அதில் தெரிந்தது. அந்த நேரத்துக்கு இரண்டு பேரைப் போட்டோம். இது மெஷின் செய்த நல்ல வேலை, மறைக்கக் கூடாது.

முக அடையாளத்தை நிறுத்திட்டோம். ஏற்றின முகங்களையும் அழிக்கச் சொல்லி, அழித்ததை எழுத்தில் வாங்கினோம். "ஒரே இடத்தில் சும்மா நிற்கிறவரைக் காட்டும்" என்று இன்னொரு வசதி சொன்னாங்க. பேக்கிங் கூடத்தில் அது வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானம். கடைகளில் வேலை செய்கிறவங்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினாங்க. நின்று நின்று கால் வீங்கின பெண்கள் கேட்டு வாங்கின உரிமை அது. நம்ம மையத்தில் ஒரு பொண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றால், அதை ஒரு மெஷின் எண்ணணுமா?

ஐந்தாவது, சட்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னாங்க. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கேமராவில் பதிவாகிற முகமும் ஒருத்தரைப் பற்றிய தரவுதான். அதனால் "இங்கே கேமரா இருக்கு, காவலுக்காக, 30 நாள் வைத்திருப்போம், கேள்வி இருந்தால் இவரிடம் கேளுங்க" என்று தமிழில் பலகை வைத்திருக்கோம். உடை மாற்றுகிற இடம், கழிப்பறைப் பக்கம் கேமரா கூடவே கூடாது. பெண்ணை அப்படி மறைந்திருந்து படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவின்படி குற்றம். பதிவை நீதிமன்றத்தில் சாட்சியாகக் கொடுக்கணும்னா, சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழும் கூட வேணும். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பின வீடியோவை நம்பி இருக்காதீங்க. புதுசா வாங்கும்போது, 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிற மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறின கேமராவா என்று சான்றைக் கேட்டு வாங்குங்க.

ஆறாவது, எங்களுக்கு எல்லாத்தையும் விட முக்கியமான தீர்மானம். கேமரா சொன்னதை வைத்து யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. முதலில் இருப்புப் பதிவேடு, எடைச் சீட்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒத்துப் பார்க்கணும். பிறகுதான் படம். படத்தையும் இரண்டு பேர் சேர்ந்துதான் பார்க்கணும், சம்பந்தப்பட்டவங்களும் கூட உட்காரணும். யார், எதற்காக, எந்தத் தேதிப் பதிவைப் பார்த்தாங்க என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடணும். பதிவை யார் போனுக்கும் அனுப்பக் கூடாது. போலீஸ் கேட்டால், எழுத்தில் வாங்கிக்கொண்டு, தலைவிக்குத் தெரிவித்து, நகல் கொடுக்கணும்.

இதைத் தீர்மான நோட்டில் எழுதும்போது அந்த அக்காவும் கூட்டத்தில் இருந்தாங்க. பாஸ்வேர்டின் இரண்டாவது பாதியை யாரிடம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. நான் அவங்க பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாங்க. பிறகு, "சரி, எழுதிக்கோ" என்றாங்க. பழைய மாதிரி என்னோடு சிரித்துப் பேச இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆகட்டும். அது என் கடன், தவணையாகக் கட்டிக்கிறேன்.

சகோதரிகளே, உங்க மையத்திலும், கடையிலும், கிடங்கிலும் கேமரா இருக்கும். நாளைக்குப் போனதும் மூணே மூணு விஷயம் பாருங்க. கணக்கு யார் பேரில் இருக்கு? லைசென்ஸ் எந்தத் தேதியோடு முடியுது? எத்தனை நாள் பழைய பதிவு இருக்கு? இந்த மூணுக்கும் பதில் தெரியலைன்னா, வர்ற கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்க. நோட்டு வேணும்னா எங்க மையத்துக்கு வாங்க, கட்டம் போட்ட மாதிரித் தாள் தருகிறோம்.